கண்ணால் பார்த்தவை மட்டும்

ஜூன் 1, சனி

இந்த நோட்டில் நான் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். தோற்றதைத் தோற்றதாகவும், தெரியாததைத் தெரியாது என்றும். போன வருஷத்து நோட்டில் மூன்று இடங்களில் ரப்பர் போட்டு அழித்திருக்கிறேன். என்ன அழித்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் இந்த வருஷம் பேனா. ஆட்டத்தின்போது ஸ்கோர் கட்டங்களுக்கு மட்டும் பென்சில்.

எழுதுபவள் மாரிட் ட்வேட்டன், வயது பன்னிரண்டு, ஊர் ஹெட்லண்ட், மினசோட்டா. எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் பெயர் நாரைகள். ஒரு தபால்காரர், ஒரு கால்நடை மருத்துவர், என் கணக்கு வாத்தியார், இரண்டு விவசாயிகள், கல்லூரி விடுமுறைக்கு வந்த அண்ணன்கள் – இவர்கள்தான் நாரைகள். தபால்காரர் என் அப்பா, ஆர்லன். களத்தில் இடப்பக்கக் கடைசியில், வேலிக்கு அருகில் நிற்பவர்.

ஏழு வயதில் ஸ்கோர் எழுதக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து நேரில் பார்த்த ஒவ்வொரு ஆட்டமும் கணக்கில் இருக்கிறது. இன்றைய நிலவரம்: பார்த்தவை 61. வென்றவை 29, தோற்றவை 32. மழையில் நனைந்தது பதினோரு முறை. கூட்டத்துக்குள் வந்த பந்தைத் தடுத்தது ஒரு முறை, நெற்றியால்.

'நேரில் பார்த்தது' என்றால், முதல் பந்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசி அவுட் வரை கிளம்பக் கூடாது. கழிப்பறைக்கும் தின்பண்டத்துக்கும் அரை இன்னிங்ஸ் சலுகை உண்டு. என் தோழி ட்ரூடி ஏழாவது இன்னிங்ஸிலேயே வீட்டுக்குப் போய்விட்டு அதையும் சேர்த்து எண்ணுகிறாள். அது அவள் மனசாட்சி.

இன்னொரு வரி இருக்கிறது. அதை விட்டுவிட்டால் இந்த நோட்டு பொய்யாகிவிடும். அப்பா இதுவரை அடித்த ஹோம் ரன்கள், அதாவது நேராக வேலியைத் தாண்டிப் போனவை, ஒன்பது. அவற்றில் எட்டு வெளியூரில். வெளியூர் போகிற வேனில் எனக்கு இடம் இருக்காது. மீதி ஒன்று இங்கேதான், மூன்று வருஷத்துக்கு முன்னால். அப்போது நான், அம்மா களத்தில் நடத்துகிற தின்பண்டக் கடையின் ஜன்னல் முன்னால் நின்று பொரித்த சீஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். முதுகுகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. வேலிக்கு அந்தப் பக்கம், பால் கம்பெனியின் தகரக் கொட்டகை மேல் 'டங்' என்று ஒரு சத்தம். நான் முண்டியடித்து வந்தபோது அப்பா ஓடி முடித்திருந்தார். என் கையில் சீஸ் இன்னும் சூடாக இருந்தது.

கண்ணால் பார்த்த அப்பாவின் ஹோம் ரன்: 0.

அப்பாவுக்கு வலது முட்டி சரியில்லை. இந்தக் கோடையோடு போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொல்வதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டார். ஆகஸ்ட் முதல் வாரம் கடைசி ஆட்டம். அதற்குள் அந்தப் பூஜ்யம் மாற வேண்டும்.

ஜூன் 5, புதன்

தோல்வி, 3–8. இது 62. அப்பா நான்கு முறை மட்டை பிடித்தார், நான்கும் அவுட். நான் சீஸ் வாங்கப் போகவே இல்லை. பசித்தது.

ஜூன் 8, சனி

வெற்றி, 6–5. ஆனால் அப்பாவால் அல்ல.

அப்பா மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் மூன்றாவது வரிசையில் என் இடத்தைப் பார்த்து, தொப்பியின் விளிம்பை இரண்டு முறை தட்டுவார். நான் பென்சிலால் நோட்டை இரண்டு முறை தட்டுவேன். ஐந்து வருஷமாக இப்படித்தான். இன்று தட்டினோம், மூன்றே பந்தில் அவுட். மறுபடி தட்டினோம், மறுபடியும் அவுட். பின்வரிசையிலிருந்து யாரோ, "ஆர்லன், மட்டையையும் தபால் பெட்டிக்குள்ள போட்டுட்டியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான்.

ட்ரூடி கரும்பச்சை ஐஸ் குச்சியை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "எனக்கென்னமோ நீ வந்தாத்தான் உங்கப்பாவுக்கு அடிக்க வரமாட்டேங்குதுடீ. போன வாரம் வெளியூர்ல மூணு அடிச்சாராமே."

"அதெல்லாம் சும்மா."

"சும்மாவா? நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே. எண்ணிப் பாரேன்."

எண்ணிப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தவறு. நாரைகளின் அதிகாரபூர்வ ஸ்கோர் புத்தகங்கள் மிஸ்டர் பிரிபிலிடம் இருக்கின்றன. அவர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ஆட்ட நாளில் களத்துக்கு மேலே ஒரு மரக்கூண்டில் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்பார், ஸ்கோரும் எழுதுவார். அவருடைய கூட்டல்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. ஐந்து வருஷப் புத்தகங்களையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

நான் நேரில் இருந்த ஆட்டங்களில் அப்பா 225 முறை மட்டை பிடித்து 42 முறை அடித்திருக்கிறார். எங்கள் வழக்கப்படி ஆயிரத்துக்குச் சொன்னால் 187.

நான் இல்லாத ஆட்டங்களில் 250 முறைக்கு 78. ஆயிரத்துக்கு 312.

ஜூன் 9, ஞாயிறு

தேவாலயத்தில் பாட்டுத் தாளின் பின்பக்கம் மறுபடியும் வகுத்துப் பார்த்தேன். 187. 312. ஆண்டவர் முன்னிலையிலும் அதே விடைதான்.

ஜூன் 14, வெள்ளி

எல்லாம் போச்சு. முதலிலிருந்து எழுதுகிறேன்.

ப்ராட்டன் ஊர் எருதுகளோடு ஆட்டம். நாங்கள் 2–4 என்று பின்தங்கியிருந்தோம். ஆறாவது இன்னிங்ஸ், ஓடிச் சேர்கிற மூலைகளில், அதாவது பேஸ்களில், இரண்டில் எங்கள் ஆட்கள், மட்டை பிடிக்க அப்பா. தொப்பியை இரண்டு முறை தட்டினார். நான் தட்டவில்லை. நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன், நான் இல்லாத மாதிரி இருக்கட்டும் என்று. விரல் இடுக்கில் பார்த்தேன். ஒரு பந்து வெளியே போனது. இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒன்று தவறினால் அவுட்.

அடுத்த பந்தை வீச எருதுகளின் ஆள் கை ஓங்கியபோது படார் என்று ஒரு சத்தம். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தன.

டிரான்ஸ்ஃபார்மருக்குள் அணில் புகுந்துவிட்டதாம். அணில் பாவம். மைக்கும் போய்விட்டதால் மிஸ்டர் பிரிபில் சாலையில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பை வாயில் வைத்துக்கொண்டு கூண்டிலிருந்து கத்தினார்: "எல்லாரும் அவங்கவங்க இடத்துலயே இருங்க. யாரு காலையாவது மிதிச்சா மன்னிப்பு கேட்டுக்குங்க."

விவசாயிகள் வேலி ஓரமாக டிரக்குகளைக் கொண்டுவந்து முன்விளக்கைப் போடுகிறோம் என்றார்கள். நடுவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த வெளிச்சத்துல பந்து மூக்குல பட்டா எம் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ரத்து இல்லை. ஆகஸ்ட் 3 அன்று எருதுகள் மறுபடி வரும்போது நின்ற இடத்திலிருந்தே தொடரும்: அதே ஆறாவது இன்னிங்ஸ், அதே ஆட்கள், ஒரு பந்து, இரண்டு ஸ்ட்ரைக். அன்று என்ன நடந்தாலும் கணக்கில் அது ஜூன் 14இல் நடந்ததாகவே எழுதப்படும். விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. என் நோட்டில் அப்பாவின் கட்டம் பாதி நிரம்பி நிற்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் டிரக்கில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். 187, 312 இரண்டையும். நாந்தாம்ப்பா காரணம், நான் வர்றதாலதான் உங்களால அடிக்க முடியல என்றேன்.

அப்பா டிரக்கை மெதுவாக்கினார். பிறகு, "புரொபசர், உன் புத்தகத்துல என் முட்டிக்கு ஏதாவது கட்டம் இருக்கா?" என்றார்.

"விளையாடாதீங்கப்பா."

"சரி. நீ வராத ஆட்டத்துல நான் யாரைப் பாத்துத் தொப்பியைத் தட்டறது? அதச் சொல்லு."

தெரியாது என்று எழுதுகிறேன்.

ஜூன் 15, சனி

முடிவு: இனி போவதில்லை. அப்பாவிடம், நூலகத்தின் கோடை வாசிப்புப் போட்டிக்கு இருபது புத்தகம் படிக்க வேண்டும் என்று சொன்னேன். அது பொய் இல்லை. பதினெட்டு படித்துவிட்டேன் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 19, புதன்

போகவில்லை. நூலகத்தின் பின்படியில் உட்கார்ந்தால் காற்றில் மைக் கேட்கிறது. 'ட்வேட்டன்' என்ற சொல் நான்கு முறை கேட்டது, கைதட்டல் இரண்டு முறை. காதால் கேட்டதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்பா நான்குக்கு இரண்டு.

நல்லதுதானே. நல்லதுதான்.

ஜூன் 22, சனி

கெஸல் ஊரில் ஆட்டம். அம்மா காரில் போனார். முதல் தடவையாக எனக்கும் இடம் இருந்தது. நான்தான் வரவில்லை என்றேன்.

சாயங்காலம் அம்மா வாசலிலேயே சொன்னார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மூணு அடி மாரிட். அதுல ஒண்ணு வேலிக்கு வெளிய. பந்து போய் யாரோட துணிக்கொடியிலயோ சிக்கிக்கிச்சு. அந்தம்மா போர்வையோட கொண்டுவந்து குடுத்தாங்க."

பத்தாவது. அம்மா பார்த்தார். போர்வைக்கார அம்மாகூடப் பார்த்தார். நான் மாடியில் உட்கார்ந்து இருபதாவது புத்தகத்தை முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் சத்தியமா தெரியாது.

ஜூலை 4, வியாழன்

பண்டிகை ஊர்வலத்தில் நடந்தேன், கொடி பிடித்தேன், உருளைக்கிழங்கு சாலட் தின்றேன். மத்தியான ஆட்டத்துக்கு மட்டும் போகவில்லை. அப்பா நான்குக்கு ஒன்றுமில்லை. போன புதனும் ஒன்றுமில்லை. என் கணிப்பு கொஞ்சம் உதைக்கிறது.

ட்ரூடி சாயங்காலம் வந்தாள். ஊஞ்சலில் உட்கார்ந்து வெகுநேரம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா இன்னமும் அந்தக் காலி இடத்தைப் பாத்துத் தொப்பியைத் தட்டறாருடீ. உன் இடத்துல இன்னைக்குப் பாதிரியார் ஓல்ஸ்டாட் உக்காந்திருந்தாரு. தனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு எழுந்து நின்னு கையாட்டினாரு. அவரு எழுந்தா பின்னாடி நாலு வரிசைக்கு ஒண்ணும் தெரியாது. 'உக்காருங்க ஃபாதர், உங்க வழியா ஆட்டம் தெரியல'ன்னு ஒரே கூச்சல்."

நானும் சிரித்தேன். அவள் போன பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை என்று தோன்றியது.

ஜூலை 10, புதன்

முக்கியமான நாள். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

மிஸ்டர் பிரிபில் கடைக்குக் கூப்பிட்டார். லீக் அலுவலகம் உள்ளூர், வெளியூர் ஆட்டங்களைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறதாம். "எனக்கு ஆணிய எண்ணவே நேரமில்ல. நீ பிரிச்சுக் குடுத்துடும்மா" என்றார். ஆணிப் பீப்பாய் மேல் நோட்டை வைத்துக்கொண்டு அப்பாவின் வரியையும் பிரித்தேன்.

வெளியூர்: 329.

உள்ளூர், நான் இருந்தபோது: 187.

உள்ளூர், நான் இல்லாதபோது (அம்மை போட்டது, பாட்டுப் போட்டி, இந்தக் கோடையின் மூன்று ஆட்டம் எல்லாம் சேர்த்து 33 முறைக்கு 6): 182.

மூன்று முறை வகுத்தேன். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் களத்தில் அப்பாவால் அடிக்க முடியவில்லை. நான் போவதே உள்ளூர் ஆட்டங்களுக்கு மட்டும்தான். உள்ளூரையும் என்னையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டேன். கணக்கு வாத்தியாரிடம் இதைச் சொல்லப் போவதில்லை. அவர் இரண்டாவது பேஸில் நின்று வருத்தப்படுவார்.

அப்படியானால் இந்தக் களத்தில் என்ன கோளாறு? கடையில் இருந்த நீள அளவு நாடாவை இரவல் வாங்கிக்கொண்டு ட்ரூடியையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். மட்டை பிடிக்கும் இடத்திலிருந்து இடப்பக்க வேலி வரை 371 அடி. கெஸலுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டேன். அங்கே 318.

ட்ரூடி புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப நீ அதிர்ஷ்டக்கட்ட இல்ல."

"இல்ல. பாத்தா அஞ்சு புள்ளி அதிர்ஷ்டம்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். நான் நினைத்த அளவுக்கு நான் முக்கியமானவள் இல்லை. இப்படி ஒரு நல்ல செய்தியை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அப்பா தபால் பையோடு வரும்போது வாசலிலேயே மூன்று எண்களையும் காட்டினேன். பையை இறக்காமலே படித்தார்.

"முன்னூத்தி எழுபத்தொண்ணா?"

"நாடா வெச்சு அளந்தோம்ப்பா. ரெண்டு தடவ."

"ஜோனெல்," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "அந்த வேலி தூரம்னு பதினெட்டு வருஷமா சொல்றேன், இந்த ஊர்ல ஒருத்தன் நம்பல. இதோ எழுத்துலயே வந்திருச்சு."

அம்மா சமையலறையிலிருந்து, "வேலி அதே இடத்துலதான் இருக்கு. நீங்கதான் பின்னாடி போயிட்டீங்க" என்றார்.

அப்பா நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "சனிக்கிழமை மூணாவது வரிசையில யாராச்சும் இருப்பாங்களா?" என்று கேட்டார்.

இருப்பாங்க என்றேன்.

ஜூலை 13, சனி

தோல்வி, 1–12. மழை வேறு. பன்னிரண்டாவது நனைதல். அப்பா தட்டினார், நான் தட்டினேன், அவுட். இவ்வளவு சந்தோஷமான தோல்வி என் கணக்கில் வேறில்லை.

ஜூலை 20, சனி

வெற்றி. அப்பா ஒன்று அடித்தார், சின்னதாக, மூன்றாவது பேஸ் பக்கம் உருண்டது. சின்னதும் அடிதான்.

ஜூலை 27, சனி

வெற்றி. இப்போது என் கணக்கில் வென்றவை 32, தோற்றவை 34. ஆனால் அப்பா பந்தைத் துரத்தி வேலியில் மோதிக்கொண்டார். எழுந்து நடந்தபோது வலது காலை ஊன்றவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. சினிமாவில் பார்த்த தேங்காய்தான், நேரில் பார்த்ததில்லை.

கோச் வெர்ன் வந்தார். இவர்தான் கால்நடை மருத்துவர். முட்டியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பசுவா இருந்தா நான் இன்னைக்கே ஒரு முடிவு பண்ணியிருப்பேன்" என்றார். சனிக்கிழமை நின்றுபோன ஆட்டம் தொடங்கும்போது அப்பாவுக்குப் பதில் டேல் அண்ணனை இறக்கப் போகிறாராம். டேல் அண்ணன் கல்லூரியில் விளையாடுகிறவர். இரண்டு முட்டியும் நன்றாக இருக்கிறது.

நான் விதிப்புத்தகத்தை எடுத்து வந்தேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் வாசித்தேன். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு வருகிற மாற்று ஆட்டக்காரர் மூன்றாவதையும் தவறவிட்டு அவுட் ஆனால், அந்த அவுட் முதலில் நின்றவர் பெயரில் எழுதப்படும். அடித்தால் அந்த அடி புதியவருக்கு.

அப்பா ஐஸ் பையை மேசை மேல் வைத்தார். "அதாவது டேல் சொதப்பினா எனக்கு. டேல் அடிச்சா டேலுக்கு."

"ஆமாப்பா."

"வெர்ன், கேட்டியா? இதுல எனக்கு என்ன லாபம்?"

"ஆர்லன், உன்னால முதல் பேஸுக்கு நடக்க முடியுமாடா?"

"நடக்கற மாதிரி அடிச்சா நடக்கலாம்."

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னார்: "முட்டியில ஐஸ வெச்சுக்கிட்டு சட்டம் பேசறாங்க பாருங்க, அப்பனும் மகளும்." பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு கோச்சைப் பார்த்தார். "அந்த ஒரே ஒரு தடவை நிக்கட்டும் வெர்ன். அது ஜூன் மாசத்துக் கணக்குதானே. ஜூன்ல முட்டி நல்லாத்தான் இருந்துச்சு."

கோச் முட்டியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். கடைசியில், "சரி. அந்த ஒண்ணு மட்டும்" என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டு ஆட்டமும் முடிந்துவிட்டன. அம்மா ஜன்னலைக் கழுவிக்கொண்டிருக்கிறார். வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

மாலை ஐந்து மணிக்கு வெயிலில் தொடங்கியது. எங்கள் முதுகுப் பக்கமிருந்து வேலியை நோக்கிக் காற்று. மைக்கில் மிஸ்டர் பிரிபில், "பெரியோர்களே, இப்ப மணி ஜூன் பதினாலு. அணிலுக்காக ஒரு நிமிஷம் தொப்பியக் கழட்டுங்க" என்றார். எல்லோரும் கழற்றினார்கள். எருதுகளும்தான்.

அப்பா நொண்டிக்கொண்டு வந்தார். தொப்பியை இரண்டு முறை தட்டினார். நான் ஜூன் 14 பக்கத்தைத் திறந்துவைத்து, பாதி நிரம்பிய கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு முறை தட்டினேன். பிறகு பென்சிலை ட்ரூடியிடம் கொடுத்துவிட்டேன். குறிப்பெழுதக் குனிந்த நேரத்தில் எதையாவது தவறவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

எனக்கு நேர் முன்னால் பாதிரியார் ஓல்ஸ்டாட் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தால் பரவாயில்லை.

முதல் பந்து மட்டையில் பட்டுப் பின்னால் பறந்து தின்பண்டக் கடைக் கூரையில் விழுந்தது; அப்படிப் போனால் அவுட் இல்லை. அம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "ராத்திரிக்கு சாப்பாடு வேணுமா வேணாமா?" என்று கத்தினார். இரண்டாவது பந்து வெளியே. மூன்றாவதும் பின்னால், இந்த முறை வண்டிகள் பக்கம். ஒவ்வொரு வீச்சுக்கும் அப்பா இடது காலிலேயே நின்று சுழன்றார். வலது கால் சும்மா துணைக்கு வந்தது போல இருந்தது.

நான்காவது பந்து. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த சத்தங்களில் அது இல்லை. பந்து மேலே போனதைப் பார்த்தேன். உண்மையாகப் பார்த்தேன். இடப்பக்கம், உயரமாக, காற்றோடு போனது. எருதுகளின் ஆள் பின்னால் பின்னால் ஓடினார் –

பாதிரியார் எழுந்துவிட்டார்.

வானம் இருந்த இடத்தில் ஒரு கோடுபோட்ட சட்டை. இடப்பக்கம் சாய்ந்தேன், ட்ரூடியின் முழங்கை. வலப்பக்கம் சாய்ந்தேன், பாதிரியாரின் தொப்பி. பந்து தெரியவில்லை. வேலி தெரியவில்லை. அவருடைய கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அதில் தெரிந்தது முதல் பேஸும் அப்பாவும் மட்டும்தான்.

அப்பா தலையைக் குனிந்து, நொண்டி நொண்டி, உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தார். பந்தைப் பார்க்கவே இல்லை. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து 'டங்' என்று கேட்டது. தகரக் கொட்டகை.

அப்பா நின்றார். அப்படியே, வலியுள்ள காலையும் சேர்த்து, இரண்டு காலாலும் ஒரு குதி குதித்தார். பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி. குதித்துவிட்டு யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடி தபால்காரராகி, மெதுவாக நொண்டிக்கொண்டு மற்ற பேஸ்களைச் சுற்றி வந்தார்.

பேஸில் நின்ற இரண்டு பேரும் அப்பாவும் சேர்ந்து மூன்று, ஆக 5–4. டேல் அண்ணன் களத்துக்கு வந்தார், அப்பா பெஞ்சுக்குப் போனார். அதன்பிறகு யாரும் எதுவும் அடிக்கவில்லை. ஜூன் 14 ஆட்டம் எங்கள் வெற்றி. இரண்டாவது ஆட்டம் ஆகஸ்ட் 3 கணக்கு, விளக்கு வெளிச்சத்தில், 2–9 தோல்வி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எல்லோரும் போன பிறகு அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். காலை முன்வரிசையில் நீட்டி ஐஸ் பையை வைத்துக்கொண்டார்.

"பாத்தியா?" என்று கேட்டார்.

ட்ரூடியாக இருந்தால் ஆமாம் என்றிருப்பாள். நானும் ஒரு நொடி அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்த்தேன். ஜூன் 1 அன்று எழுதிய முதல் வரி ஞாபகம் வந்தது.

"முக்கால்வாசி பாத்தேம்ப்பா. மேல போனதப் பாத்தேன். தாண்டினதப் பாக்கல. பாதிரியார் எழுந்துட்டார்."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். ஐஸ் பை கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட முடியாமல் சிரித்தார்.

"சரி, அப்ப உண்மையையே எழுது. நான் கால்வாசிகூடப் பாக்கல. தரையப் பாத்து ஓடிக்கிட்டிருந்தேன். டங்குன்னுச்சு, அதுதான் தெரியும்."

"நீங்க குதிச்சீங்க."

சிரிப்பு நின்றது. "நான் குதிக்கல."

"ரெண்டு காலாலயும். அப்புறம் ரெண்டு பக்கமும் பாத்தீங்க."

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார், இப்போதும் யாராவது இருக்கிறார்களா என்று. தின்பண்ட ஜன்னல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா பாத்தாளா?"

"எல்லாரும் பந்தத்தான் பாத்தாங்க."

"அப்ப அது உன் நோட்டோட இருக்கட்டும்."

இருக்கிறது. இப்போது கணக்கைச் சரிசெய்கிறேன். பார்த்தவை 68. வென்றவை 33, தோற்றவை 35. இன்றைய ஹோம் ரன் ஜூன் 14க்குப் போவதால் அதுதான் பத்தாவது. கெஸலில் போர்வையோடு வந்தது பதினொன்றாவது ஆகிறது. 'எல்லாம் போச்சு' என்று தொடங்குகிற ஜூன் 14 பக்கத்தில் எதையும் அடித்துத் திருத்தவில்லை. அதன் கீழே, பாதி நிரம்பிய கட்டத்தை முழுதாக நிரப்பினேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் கணக்குப்படி அதுவும் அன்றைக்கே நடந்ததுதான்.

கண்ணால் பார்த்த அப்பாவின் ஹோம் ரன்: முக்கால்.

கண்ணால் பார்த்த அப்பாவின் குதி: 1. ஊரில் வேறு யாரிடமும் இந்தக் கணக்கு இல்லை.

மிஸ்டர் பிரிபில் கூண்டிலிருந்து, "எழுதி முடிச்சாச்சாம்மா?" என்று கேட்கிறார். இன்னும் ஒரே ஒரு வரி என்று கையைக் காட்டினேன். அப்பா தொப்பி விளிம்பை இரண்டு முறை தட்டினார். நான் பேனாவால் இரண்டு முறை தட்டினேன்.

மணி 9.52. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.